பத்துக்கு நாலு

துலூத் நகரில் நவம்பர் என்பது
ஒரு நிறம்கூட இல்லை.
ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது,
கோடு போட்டுக் காட்ட ஆளில்லை.
அதனால்தானோ என்னவோ
பதினெட்டு ஆண்டுகளாக
நானும் மார்லினும் சன்னலை மூடிக்கொண்டு
பழைய இசைப்படங்களின் வட்டுகளுக்கு
மதிப்பெண் போடுகிறோம்,
மாடிசனிலிருந்து வரும் ஒரு காலாண்டிதழுக்காக.
நிறம் எனக்கு. ஒலி அவருக்கு.

அறைச் சுவருக்குச் சாம்பல் பூசினேன்.
பக்கத்தில் சிவப்பு இருந்தால்
கண் பொய்சாட்சி சொல்லும்.
மார்லின் திரைக்கு முதுகு காட்டி அமர்வார்.
முகத்தைப் பார்த்தால் காது இளகிவிடுமாம்.
பியானோக்களுக்குச் சுதி சேர்த்துப் பிழைத்தவர்;
விருந்துக்கு வந்தவர்கள் பாடிய பிறந்தநாள் பாட்டில்
கால் சுதி குறைகிறது என்று சொல்லிச் சொல்லியே
விருந்தைக் குறைத்தவர்.

இன்று ஒரே படம், மூன்று பதிப்பு.
துறைமுகக் காட்சி.
நாயகி கப்பல் படியில் இறங்குகிறாள்,
மஞ்சள் பாவாடை சுழல்கிறது.

இரண்டாம் பதிப்பைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.
அழுக்கைத் துடைக்கிறேன் என்று
தோலையே உரித்திருக்கிறார்கள்.
மூக்கின் மேல் இருந்த புள்ளிகள் எங்கே?
மெழுகு பொம்மை ஆடுகிறது.

முதல் பதிப்புக்கு எட்டு வருடம் முன்பு
நான் போட்டது மூன்று.
"தேநீரில் நனைத்து எடுத்த படம்" என்று எழுதினேன்.
அந்த வாக்கியத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

போன மாதம் என் இடது கண்ணில் புரை எடுத்தார்கள்.
கட்டுப் பிரித்த காலை
சமையலறையில் வெள்ளைத் தட்டு
வெள்ளையாக இருந்தது.
நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வலது கண்ணுக்கு ஜனவரியில்தான் தேதி.
எனவே இப்போது
இடதை மூடினால் பாவாடை கடுகுக் குழம்பு.
வலதை மூடினால்
இப்போதுதான் அறுத்த எலுமிச்சை,
சாறு தெறிக்கிற மாதிரி.
அந்தத் தேநீர்
என் கண்ணில் இருந்திருக்கிறது.

பின்னட்டையில், எறும்பு எழுத்தில்,
நிறம் சீர்செய்தவர் பெயர்: டெஸ்மண்ட் ஹாரிகன்.
பர்பாங்கில் இருக்கிறார்.
மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போட்டேன்.
நாலே வரியில் பதில் வந்தது:
"அம்மா, பரவாயில்லை.
உங்கள் விமர்சனத்தை அப்போது வெட்டி வைத்திருந்தேன்.
புதிய பதிப்பு செய்யும்போது
அதைப் பார்த்துத்தான் நீலம் ஏற்றினேன்."

மூன்றாம் பதிப்பு சுழல்கிறது.
நிழலெல்லாம் நீலம் கசிகிறது.
மாலுமிகள் குளிரில் விறைத்தவர்கள் போல் சிரிக்கிறார்கள்.
மணல்கூட நடுங்குகிறது.
எல்லாம் என் கைங்கரியம்.

"கேட்டாயா ஆர்டித்?" என்கிறார் மார்லின்,
திரும்பாமல்.
"இரைச்சலை வடிகட்டுகிறேன் என்று
பாட்டுக்கு முன் அவள் இழுக்கிற மூச்சையும்
வடித்துக் கொட்டிவிட்டார்கள் பாவிகள்.
செத்த அறையில் பாடுகிறாள். நாலு."

திரும்ப ஓட்டுகிறேன்.
எனக்குக் கேட்கிறது,
தூரத்தில் எண்ணெய் காய்வது போல் ஓர் இரைச்சல்,
அதன் நடுவே, தெள்ளத் தெளிவாய்,
ஒரு பெண் மூச்சு இழுக்கிறாள்.

அடுப்பின் மணி அடித்து அடித்து
கேக் கருகிய வெள்ளிக்கிழமை நினைவுக்கு வருகிறது.
அன்று அவர் அடுப்புக்குப் பக்கத்தில்தான்
செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.
உச்சத்துச் சத்தங்கள் அவரை விட்டுப் போயிருக்கின்றன,
சொல்லிக்கொள்ளாமல்.

அவர் பிடரியைப் பார்க்கிறேன்.
முடிவெட்டி நாளாகிவிட்டது.

"நாலா?"
"கருணை காட்டினால் நாலரை."

எழுதுகிறேன்: நாலு.
பென்சில் தாளில் கீச்சென்று உரசுகிறது.
அவர் தலை
அசைகிறதா என்று பார்க்கிறேன்.